சாலையே வேண்டாம் என்ற வன அதிகாரி: பாப் மார்ஷலின் 38 ஆண்டு வாழ்க்கை

அமெரிக்காவின் வட கோடியில், கனடாவை ஒட்டிய மொன்தானா மாநிலத்தில் ஒரு பெரிய காடு இருக்கிறது. பரப்பளவு ஒரு மில்லியன் ஏக்கருக்கு மேல். அதற்குள் கார் போகாது, மோட்டார் சைக்கிள் போகாது. சைக்கிளுக்குக்கூட அனுமதி இல்லை. போக விரும்புகிறவர்கள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அல்லது குதிரையில் ஏற வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்ச் சேரப் பல நாள் ஆகும்.

அந்த வட்டாரத்து மக்கள் இந்தக் காட்டைச் செல்லமாக 'பாப்' என்று அழைக்கிறார்கள். அது ஒரு வன அதிகாரியின் பெயர். முழுப் பெயர் ராபர்ட் மார்ஷல். பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர். 38 வயதிலேயே இறந்துபோனவர். பொதுமக்களுக்குச் சொந்தமான காடுகளில் ஒரு பகுதியையாவது சாலை போடாமல் விட்டுவைக்க வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

1901ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி நியூயார்க் நகரில் பாப் பிறந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள், இவர் மூன்றாமவர். தந்தை லூயிஸ் மார்ஷல் அந்நாளில் நாடறிந்த அரசியலமைப்புச் சட்ட வழக்கறிஞர். யூத சமூகத்தின் தலைவர்களில் ஒருவர். குடியேறிகளுக்காகவும் கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தவர்.

காட்டுப் பற்று பாப்புக்குத் தந்தையிடமிருந்து வந்தது என்று சொல்லலாம். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே அடிரோண்டாக் என்ற மலைத்தொடர் உள்ளது. அங்குள்ள அரசாங்கக் காடுகளை விற்கவோ வெட்டவோ கூடாது, அவை என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894இல் அந்த மாநிலத்தின் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். அதை நிறைவேற்றிய மாநாட்டில் லூயிஸ் மார்ஷலும் ஒரு பிரதிநிதி. பிற்காலத்தில் அந்த விதியைத் தளர்த்த முயற்சி நடந்தபோது அதைத் தடுக்கப் போராடியவர்களிலும் அவர் முன்னின்றார். சிராகியூஸ் நகரில் வனவியல் கல்லூரி ஒன்று உருவாகவும் அவர் துணை நின்றார்.

அந்த அடிரோண்டாக் மலைப்பகுதியில், லோவர் சாரனாக் ஏரிக்கரையில் மார்ஷல் குடும்பத்துக்குக் கோடைக்கால வீடு ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் கோடை வந்தால் குடும்பமே அங்கே போய்விடும். அந்த மலைகளை முதன்முதலில் அளந்தவர்கள் எழுதிய பழைய அறிக்கைகளைச் சிறுவன் பாப் விடாமல் படித்தான். படிக்கப் படிக்க ஒரு கவலையும் வந்தது. உலகத்தில் கண்டுபிடிக்க வேண்டிய இடங்களையெல்லாம் முன்னோர்கள் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள், நாம் ஒரு நூறு ஆண்டு தாமதமாகப் பிறந்துவிட்டோம் என்ற கவலைதான் அது.

1916இல், பாப்புக்கு 15 வயதாக இருந்தபோது, தாயார் ஃபுளோரன்ஸ் காலமானார். அந்தக் காலக்கட்டத்திலிருந்தே பாப் மலை ஏறுவதில் முழுமூச்சாக இறங்கினார். உடன் தம்பி ஜார்ஜ். வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க், அவர்கள் குடும்பத்துக்காக வேலை செய்த உள்ளூர்க்காரர். தம்பிகள் இருவருக்கும் படகு வலிக்கவும் மீன் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

அந்தக் கால அளவீட்டின்படி அடிரோண்டாக் தொடரில் 4,000 அடிக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் 46. அவற்றில் பலவற்றுக்கு ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது. புதரை விலக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். 1925க்குள் அந்த மூவரும் 46 சிகரங்களையும் ஏறி முடித்தார்கள். அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. இன்று அதே 46 சிகரங்களையும் ஏறி முடித்தவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கானோர் உறுப்பினர்கள்.

கணக்குப் பிள்ளை போல ஒரு வனவர்

தந்தையைப் போல வழக்கறிஞர் ஆகியிருக்கலாம். நியூயார்க்கில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். பாப் தேர்ந்தெடுத்தது வனவியல். தந்தை உருவாகத் துணை நின்ற அதே சிராகியூஸ் கல்லூரியில் படித்து 1924இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஹார்வர்டில் முதுகலைப் பட்டம். அதன் பிறகு அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். 1925 முதல் 1928 வரை மொன்தானா மாநிலம் மிசூலா நகரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. காட்டுத் தீக்குப் பிறகு மரங்கள் எப்படி மீண்டும் முளைக்கின்றன என்பதை ஆராய்வது அவர் பணிகளில் ஒன்று. தீ பரவிய கோடையில் அணைக்கும் வேலைக்கும் போனார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணுவார், எழுதிவைப்பார். எத்தனை மைல் நடந்தோம், எந்தச் சிகரத்தில் எத்தனை நிமிடம் இருந்தோம், எந்தக் காட்சி அழகில் முதலிடம் என்றெல்லாம் கணக்கு வைத்திருப்பார். மரம் வெட்டும் தொழிலாளர் முகாமில் தங்கியபோது, அவர்கள் சாப்பிட எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள், பேச்சில் எத்தனை முறை கெட்ட வார்த்தை வருகிறது என்பதைக்கூட எண்ணி, அதை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்.

வேடிக்கையாகத் தோன்றினாலும், அந்த முகாம்களில் அவர் பார்த்தது வேடிக்கை அல்ல. ஆபத்தான வேலை, குறைந்த கூலி. கம்பெனிகள் மலையை மொட்டையடித்துவிட்டு அடுத்த மலைக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் தொழிலாளி நடுத்தெருவில் நிற்பான். காட்டையும் தொழிலாளியையும் ஒரே கைதான் சுரண்டுகிறது என்ற முடிவுக்கு பாப் வந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை சோசலிசம் பேசத் தொடங்கியது இங்கேதான்.

நடையில் அவருக்கு இணை யாரும் இல்லை. ஒரே நாளில் 30 மைல் நடப்பது அவருக்குச் சாதாரணம். கனமான காலணிகளை விட்டுவிட்டு ரப்பர் அடிப்பாகம் கொண்ட சாதாரண சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடப்பார். 1932 ஜூலையில் ஒரே நாளில் அடிரோண்டாக்கின் 14 சிகரங்களை ஏறி இறங்கினார். பின்னாளில் அவர் உயர் அதிகாரியானபோது, அவரோடு காட்டைப் பார்வையிடப் போன உள்ளூர் வனவர்கள் பலர் மூச்சு வாங்கிப் பின்தங்கிப் போனதாகச் சொல்வார்கள்.

வரைபடத்தில் ஒரு வெற்றிடம்

தாமதமாகப் பிறந்துவிட்டோம் என்ற சிறுவயதுக் கவலைக்கு 1929இல் ஒரு பதில் கிடைத்தது. அலாஸ்காவின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது, வடதுருவ வட்டத்துக்கு அப்பால், புரூக்ஸ் மலைத்தொடரின் நடுப்பகுதியில் பெரிய வெற்றிடம் இருந்தது. ஆறுகள் எங்கே பிறக்கின்றன, மலைகள் எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதியவர் யாரும் இல்லை.

மரங்கள் வளரக்கூடிய கடைசி வட எல்லையை ஆராயப் போவதாகச் சொல்லிக்கொண்டு அந்தக் கோடையில் அங்கே கிளம்பினார். வைஸ்மன் என்ற சிற்றூர்தான் கடைசிக் குடியிருப்பு. தங்கம் அரிக்க வந்தவர்கள் உண்டாக்கிய ஊர். அங்கிருந்து அல் ரெட்ஸ்லாஃப் என்ற தங்கம் தேடுபவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, கொயுகுக் ஆற்றின் வடகிளை வழியாக மேலே போனார். ஓரிடத்தில் ஆற்றின் இரு பக்கமும் இரண்டு மலைகள் வாயில் தூண்களைப் போல எழுந்து நின்றன. அவற்றைத் தாண்டினால் வடதுருவ மலைநாடு. அந்த இடத்துக்கு 'ஆர்க்டிக்கின் வாயில்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் தந்தை லூயிஸ் மார்ஷல் சுவிட்சர்லாந்தில் காலமானார். பெரும் சொத்து பிள்ளைகளுக்கு வந்தது. இனி வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பாப்புக்கு இல்லை. 1930இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாவர உடலியல் துறையில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு மறுபடியும் வைஸ்மனுக்கே போனார். இம்முறை ஓராண்டுக்கு மேல் தங்கினார்.

ஓர் அறை கொண்ட மரக்குடில்தான் வீடு. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 45 பாகை செல்சியசுக்கும் இறங்கும். நடுக்குளிரில் சில வாரங்கள் சூரியனே தலைகாட்டாது. நாய்கள் இழுக்கும் பனிவண்டியில் பயணம் போவார். கோடையில் பெயர் தெரியாத ஆறுகளின் மூலத்தைத் தேடி நடப்பார். அந்த வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இன்று வழங்கும் பெயர்கள் அவர் வழியாக வரைபடத்தில் ஏறியவை.

அந்த வெற்றிடம் வரைபடத்தில் மட்டும்தான் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பள்ளத்தாக்குகளில் வடதுருவப் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மான் வேட்டையாடித் திரிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரிந்த ஊர், தெரிந்த வழி. பாப்பும் அந்த மக்களோடு பழகினார், அவர்களிடம் கற்றுக்கொண்டார். தூனராக் என்ற பெரிய சிகரத்துக்கு அவர் வைத்த பெயரே அவர்கள் மொழியில் ஆவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்ததுதான்.

மர ஆராய்ச்சியையும் அவர் மறக்கவில்லை. பனிப்பாறைகள் பின்வாங்கிய பிறகு காடு இன்னும் வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது, விதை போய்ச் சேராததால்தான் அப்பால் மரம் இல்லை என்பது அவர் ஊகம். அதைச் சோதிக்க, கடைசி மரங்களுக்கு வடக்கே பல மைல் தூரத்தில் ஸ்புரூஸ் மர விதைகளை விதைத்துவிட்டு வந்தார். பல ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒன்றும் முளைத்திருக்கவில்லை. சோதனை தோற்றது என்பதை மறைக்காமல் எழுதிவைத்தார்.

127 பேர் வாழ்ந்த உலகம்

வைஸ்மனையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து அப்போது 127 பேர்தான் வாழ்ந்தார்கள். வெள்ளையர்களும் பூர்வகுடி மக்களும் கலந்து வாழ்ந்த ஊர். பாப் தம் வழக்கப்படி எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினார். மக்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எதற்குச் செலவழிக்கிறார்கள், கூடிப் பேசும்போது எதைப்பற்றி எத்தனை நிமிடம் பேசுகிறார்கள், நடனம் விடிய விடிய எப்படி நடக்கிறது என எல்லாம் குறிப்பேட்டில் ஏறியது. பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்துப் பார்த்தார். உலகத்தின் ஒரு மூலையில் வளர்ந்த அந்தப் பிள்ளைகள் சராசரிக்கு மேலாகவே மதிப்பெண் பெற்றார்கள்.

இவற்றையெல்லாம் தொகுத்து 1933இல் 'ஆர்க்டிக் வில்லேஜ்' என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் தத்தளித்த நேரம் அது. முதலாளியும் இல்லாமல், பட்டினியும் இல்லாமல், ஒருவருக்கொருவர் உதவி வாழும் ஒரு சிறிய சமூகத்தின் கதை மக்களைக் கவர்ந்தது. நூல் நன்றாக விற்றது. தமக்கு வந்த உரிமைத்தொகையில் பாதியை வைஸ்மன் ஊர் மக்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார் பாப். கதை அவர்களுடையது, காசும் அவர்களுக்குச் சேர வேண்டும் என்பது அவர் கணக்கு.

நூலகம் போல ஒரு காடு

வனாந்தரம் எதற்கு என்ற கேள்விக்கு 1930இல் ஒரு மாத இதழில் எழுதிய கட்டுரையில் அவர் விடை தந்தார். நிரந்தரக் குடியிருப்பு இல்லாத, எந்த இயந்திரமும் ஓடாத, தூங்கி எழுந்து பல நாள் நடக்கும் அளவுக்குப் பெரிதான நிலத்தைத்தான் அவர் வனாந்தரம் என்றார். அப்படிப்பட்ட இடம் உடலுக்கு வலு தரும், மனத்துக்கு அமைதி தரும், வேறெங்கும் கிடைக்காத அழகைக் காட்டும் என்பது அவர் வாதம்.

இதற்கு எதிராக ஒரு கேள்வி அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சிலர் மட்டுமே நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய காட்டை ஏன் பூட்டிவைக்க வேண்டும்? சாலை போட்டால் எல்லாரும் பார்க்கலாமே? பாப் இதற்குச் சொன்ன விடை, நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் எண்ணிப் பாருங்கள் என்பதுதான். அவற்றையும் எல்லாரும் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் பொதுப் பணத்தில் நடத்துகிறோம். சாலையோரக் காடு தேவைப்படுகிறவர்களுக்கு ஏராளமான காடு இருக்கிறது. சாலையில்லாத காடு ஒருமுறை போனால் திரும்ப வராது.

1933இல் வெளிவந்த 'தி பீப்பிள்ஸ் ஃபாரஸ்ட்ஸ்' என்ற நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். தனியார் கையில் காடு இருந்தால் வெட்டிவிட்டுப் போவார்கள். மண் அரித்து ஆற்றில் போகும். வெள்ளமும் வேலையின்மையும் மக்கள் தலையில் விழும். ஆகவே நாட்டின் மரக்காடுகளில் பெரும்பகுதியை அரசாங்கம் வாங்கிப் பொதுச் சொத்தாக்க வேண்டும் என்று வாதிட்டார். அது நடக்கவில்லை. என்றாலும் காடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அவர் அழுத்தமாக எழுப்பினார்.

பூர்வகுடி நிலத்தில் ஒரு சறுக்கல்

1933இல் பூர்வகுடி மக்கள் விவகாரத் துறையில் வனப் பிரிவின் தலைவராக பாப் நியமிக்கப்பட்டார். அப்போது அத்துறையின் ஆணையர் ஜான் காலியர். பூர்வகுடியினரின் காடுகளை வெளியார் கம்பெனிகள் வெட்டித் தின்பதை நிறுத்தி, அந்த மக்களையே வன வேலைகளிலும் பொறுப்புகளிலும் அமர்த்துவது அவர்கள் நோக்கம். பாப் நாட்டின் பல ஒதுக்கீட்டு நிலங்களுக்கு நேரில் போனார். அதிகாரிகளோடு காரில் சுற்றாமல் மக்களோடு நடந்தே சுற்றினார்.

ஆனால் இங்கேதான் அவர் வாழ்க்கையின் ஒரு சறுக்கலும் நடந்தது. அவர் அந்தப் பொறுப்பில் இருந்த காலத்தில் வகுத்த திட்டத்தின்படி 1937இல் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்களில் 16 பகுதிகள் சாலையில்லா வனாந்தரமாக அறிவிக்கப்பட்டன. வெளியார் சாலை போட்டு அந்த மக்களின் அமைதியைக் கெடுக்கக் கூடாது என்பது நல்லெண்ணம்தான். நிலத்துக்குரிய மக்களிடம் முறையாகச் சம்மதம் கேட்காமல் எடுத்த முடிவு என்பது அதன் குறை. பிற்காலத்தில் அந்த மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அவற்றில் பெரும்பாலானவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நல்லது செய்ய வருகிறவரும் நிலத்துக்காரரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற பாடத்தை அவருக்குப் பின் வந்தவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சாலையோரத்தில் பிறந்த சங்கம்

மந்தக் காலத்தில் வேலையில்லா இளைஞர்களுக்கு வேலை தர ரூஸ்வெல்ட் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சுமார் மூன்று மில்லியன் இளைஞர்கள் அதில் வேலை பெற்றார்கள். மரம் நட்டார்கள், தீ அணைத்தார்கள். கூடவே, காடுகளுக்குள் ஏராளமான சாலைகளையும் போட்டார்கள். வேலை கொடுத்தது நல்லது, ஆனால் மலை உச்சி வரை சாலை போடுவது எதற்கு என்று பாப் கவலைப்பட்டார்.

1934 அக்டோபரில் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில் நகரில் வனவியலாளர் கூட்டம் ஒன்று நடந்தது. அதையொட்டி ஒரு முகாமைப் பார்க்கக் காரில் போய்க்கொண்டிருந்தபோது பேச்சு சூடுபிடித்தது. காரைச் சாலையோரம் நிறுத்தி, இறங்கி உட்கார்ந்து பேசினார்கள். பாப்போடு பென்டன் மெக்காய், ஹார்வி புரூம், பெர்னார்ட் ஃபிராங்க் ஆகியோர் இருந்தார்கள். வனாந்தரத்தைக் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்று அங்கேயே முடிவானது. சாலைக்கு எதிரான சங்கம் சாலையோரத்திலேயே பிறந்தது.

1935 ஜனவரியில் அது 'வில்டர்னஸ் சொசைட்டி' என்ற பெயரில் முறைப்படி தொடங்கியது. நிறுவியவர்கள் எட்டுப் பேர். புகழ்பெற்ற வனவியலாளர் ஆல்டோ லியோபோல்டும் அவர்களில் ஒருவர். ஆரம்பக் காலச் செலவில் பெரும்பங்கு பாப்பின் கைக்காசு. முதல் 1,000 டாலரை அவரே கொடுத்தார். அரசாங்க அதிகாரியாக இருந்ததால் தம் பெயரை முன்னிறுத்தாமல் பின்னால் நின்றே சங்கத்தை நடத்தினார்.

ஏழைக்கும் காடு

1937இல் பாப் வனத்துறைக்கே திரும்பினார். தேசிய வனங்களில் மக்கள் பொழுதுபோக்கு, சுற்றுலா ஆகியவற்றைக் கவனிக்கும் பிரிவின் தலைமைப் பொறுப்பு. ஒரு கையில் சாலையில்லா வனாந்தரம், மறு கையில் பொதுமக்களுக்கான முகாம்கள். இரண்டும் முரண் போலத் தெரியும். அவருக்கு முரணாகத் தெரியவில்லை. வசதி குறைந்த குடும்பங்கள் வார இறுதியில் வந்து தங்கக்கூடிய முகாம்கள் நகரங்களுக்கு அருகிலுள்ள காடுகளில் வேண்டும், தொலைவிலுள்ள பெரிய காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்பதே அவர் திட்டம்.

அந்நாளில் கறுப்பினத்தவரையும் யூதர்களையும் உள்ளே விடாத விடுதிகள் அமெரிக்காவில் சாதாரணம். பொதுமக்கள் காட்டில் அந்தப் பாகுபாடு கூடாது என்று அவர் வற்புறுத்தினார். யூதராகப் பிறந்த அவருக்கு அந்த அவமானம் என்னவென்று தெரிந்திருக்கும்.

இடதுசாரிக் கருத்துகளும், தொழிற்சங்கங்களுக்கும் குடியுரிமை அமைப்புகளுக்கும் அவர் கொடுத்த நன்கொடைகளும் சிலருக்கு உறுத்தின. 1938இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அவரைக் கம்யூனிச ஆதரவாளர் என்று குற்றஞ்சாட்டியது. அவர் அசரவில்லை, பதவியும் போகவில்லை. நடையையும் நிறுத்தவில்லை.

1939 செப்டம்பரில் அவர் பாடுபட்ட புதிய விதிகள் கையெழுத்தாயின. தேசிய வனங்களில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த சுமார் 14 மில்லியன் ஏக்கர் காட்டில் சாலை போடுவதையும் மரம் வெட்டுவதையும் அந்த விதிகள் கட்டுப்படுத்தின.

ஏற முடியாத சிகரம்

1938இலும் 1939இலும் கோடை விடுமுறைக்கு மறுபடியும் அலாஸ்கா போனார். பழைய நண்பர்களான எர்னி ஜான்சன், ஜெஸ்ஸி ஆலன், இனுபியாட் இனத்தவரான நூதிர்விக் போன்றோர் அந்தப் பயணங்களில் துணை. குறி, தூனராக் சிகரம். 1938இல் படகு கவிழ்ந்து மயிரிழையில் உயிர் தப்பினார்கள். மழை விடவில்லை. சிகரம் கைக்கு எட்டவில்லை. மறு ஆண்டும் அதே கதை. பிறகு 1952இல்தான் வேறொரு குழுவினர் அதில் ஏறினார்கள். அந்தக் குழுவில் இருந்த மரபியல் அறிஞர் ஜார்ஜ் பீடில் பின்னர் நோபல் பரிசு பெற்றவர்.

1939 நவம்பர் 11ஆம் தேதி. வாஷிங்டனிலிருந்து நியூயார்க்குக்கு இரவு ரயிலில் கிளம்பினார் பாப். காலையில் ரயில் சேர்ந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. வயது 38. திருமணம் செய்துகொள்ளவில்லை. புதிய விதிகள் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

விட்டுச் சென்றது

சுமார் 15 லட்சம் டாலர் சொத்தை அவர் மூன்று அறக்கட்டளைகளாகப் பிரித்து எழுதிவைத்திருந்தார். பாதி, உழைப்பவர்களுக்கு நியாயமான பொருளாதாரம் அமையும் பணிகளுக்கு. கால் பங்கு, குடியுரிமைப் பாதுகாப்புக்கு. மீதிக் கால் பங்கு, வனாந்தரப் பாதுகாப்புக்கு. அந்தப் பணம்தான் வில்டர்னஸ் சொசைட்டி தொடர்ந்து நடக்க அடித்தளமானது.

1940இல் மொன்தானாவில் மூன்று பாதுகாப்புப் பகுதிகளை ஒன்றாக இணைத்து அவர் பெயரைச் சூட்டினார்கள். மிசூலாவில் வேலை பார்த்த இளம் வயதில் அவர் கால்தேய நடந்து திரிந்த மலைகள் அவை. அடிரோண்டாக்கில் ஒரு சிகரமும் இன்று மார்ஷல் மலை என்று வழங்குகிறது. அவருடைய அலாஸ்கா பயணக் குறிப்புகளைத் தம்பி ஜார்ஜ் தொகுத்து 1956இல் நூலாக வெளியிட்டார்.

1964 செப்டம்பர் 3ஆம் தேதி வனாந்தரச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். சட்டத்தை வரைந்தவர் வில்டர்னஸ் சொசைட்டியின் ஹாவர்ட் சானிசர். முதல் நாளே 9.1 மில்லியன் ஏக்கர் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. இன்று அது 110 மில்லியன் ஏக்கருக்கு மேல். அதிகாரி மாறினால் விதி மாறும் என்ற பழைய நிலை போய், நாடாளுமன்றமே கூடி முடிவெடுத்தால்தான் மாற்ற முடியும் என்ற நிலை வந்தது.

1980இல், பாப் பெயர் வைத்த அந்த 'ஆர்க்டிக்கின் வாயில்' தேசியப் பூங்காவானது. நம் தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர். அந்தப் பூங்காவும் அதன் பாதுகாப்பகமும் சேர்ந்து அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. உள்ளே ஒரு சாலைகூட இல்லை, போட்டுவைத்த நடைபாதைகூட இல்லை. ஆனால் இம்முறை சட்டம் எழுதியவர்கள் ஒன்றை மறக்கவில்லை. அந்த வட்டாரத்து மக்கள் தங்கள் உணவுக்காகத் தொடர்ந்து வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்த உரிமை பெற்ற ஊர்களில் வைஸ்மனும் ஒன்று.

வைஸ்மனுக்கு அருகே 1974இல் எண்ணெய்க் குழாய்ப் பணிக்காகப் பெரிய சாலை ஒன்று வந்துவிட்டது. பாப் பனிவண்டியில் போன அந்த ஊரை இன்று லாரியில் கடந்து போகலாம். ஆனால் சாலையை விட்டு மேற்கே இறங்கினால், அவர் பார்த்த அதே மலைகள்தான். இரண்டு தூண்களுக்கு நடுவே ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே போக வேண்டுமானால் இன்றும் சிறு விமானத்தில் போய் இறங்க வேண்டும், அல்லது அவர் போனதுபோல நடந்துதான் போக வேண்டும்.